குழந்தையின் மௌனத்துக்கு யார் பொறுப்பு? தொடக்க மொழியும் சேரி வீடும் சட்டமும்

முதல் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் ஒரு தலித் குழந்தை வாய் திறக்கவில்லை என்றால், பள்ளியில் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'வீடு சரியில்லை.' பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், படிக்காதவர்கள், பிள்ளையோடு பேசுவதில்லை, பேசினாலும் அது நல்ல பேச்சு இல்லை என்று அந்தக் காரணம் விரியும். இப்படிச் சொல்பவர்கள் அனைவரும் சாதி வெறியர்கள் அல்லர். அக்கறையோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையின் மௌனத்துக்குப் பள்ளி பொறுப்பில்லை, அரசு பொறுப்பில்லை, அது பிறந்த வீடே பொறுப்பு என்று முடிகிறது. பிறப்பைக் காட்டி ஒருவரின் தகுதியை முன்கூட்டியே தீர்மானிக்கும் வழக்கத்துக்கு இந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

இதற்கு மறுமொழியாக, 'வீட்டைப் பற்றிப் பேசவே கூடாது' என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. பிறந்தது முதல் 6 வயது வரை குழந்தையோடு வீட்டில் நடக்கும் பேச்சு அதன் மொழி வளர்ச்சியில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்ட செய்தி. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது? தலித் வீடுகளில் அது உண்மையிலேயே குறைவா? குறைகிற இடங்களில் அதைக் குறைத்தது எது? இதில் சட்டம் யார்மீது என்ன கடமையைச் சுமத்தியிருக்கிறது? இந்நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

பேச்சு எப்படி வளர்கிறது

கருவின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தாம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டது தெரியவந்தது.

இன்னொரு ஆய்வு தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்டது அது. இந்தியில் 'த', 'ட' என்னும் இரண்டும் வெவ்வேறு ஒலிகள், நமக்கும் அப்படியே. ஆங்கிலம் பேசுவோருக்கு அந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் இந்த இரு ஒலிகளையும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாத வயதில் அந்தத் திறன் பெரும்பாலும் மறைந்திருந்தது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் குழந்தையின் காது தன் வீட்டு மொழிக்கு இசைந்துவிடுகிறது என்பது இதன் பொருள். இதை யாரும் பாடம் நடத்திக் கற்பிப்பதில்லை. மாளிகையிலும் குடிசையிலும் இது ஒரே விதமாக நடக்கிறது.

ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல் வருகிறது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் 'அம்மா வா', 'பாலு வேணாம்' என இரு சொற்கள் சேர்கின்றன. இந்த வளர்ச்சிக்கு உரமாவது பதில். குழந்தை கை நீட்டுகிறது, பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கிறார், பார்த்ததைச் சொல்கிறார், குழந்தை மீண்டும் ஏதோ சொல்கிறது. களை எடுக்கும் தாயின் அருகே வரப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை "கொக்கு" என்கிறது. "ஆமாண்டா, கொக்குதான். வெள்ளக் கொக்கு. எங்க போவுது பாரு" என்கிறாள் தாய். "தண்ணி" என்கிறது பிள்ளை. "ஆமா, தண்ணிக்குப் போவுது. மீனு புடிக்கப் போவுது." இவ்வளவுதான். ஒரு சொல் வாக்கியமாக வளர்ந்தது. அந்த வாக்கியத்துக்குக் காரணமும் சேர்ந்தது. இதற்கு விலை கொடுத்து வாங்கிய பொம்மை தேவைப்படவில்லை.

2018இல் அமெரிக்காவில் ரேச்சல் ரோமியோவும் உடன் பணியாற்றியவர்களும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகள் எத்தனை என்பதே மூளையில் மொழிக்கான பகுதியின் செயல்பாட்டோடு தொடர்புடையதாக இருந்தது. குழந்தையின் காதில் விழுந்த மொத்தச் சொற்களின் எண்ணிக்கைக்கு அந்தத் தொடர்பு இல்லை. குடும்பத்தின் வருமானம், பெற்றோரின் படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் இந்த முடிவு மாறவில்லை.

செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் என்று நம்புவோருக்கும் ஒரு பதில் உண்டு. பாட்ரீசியா கூலும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடிய ஒருவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. திரை பேசும், ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

'3 கோடிச் சொற்கள்' என்னும் கதை

ஏழை வீட்டுக் குழந்தை மொழியில் பின்தங்கியே பள்ளிக்கு வருகிறது என்னும் வாதத்துக்கு உலகெங்கும் சான்றாகக் காட்டப்படுவது ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995இல் வெளியிட்ட நூல். கான்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை சென்று, ஒரு மணி நேரம் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்தார்கள். வசதியான வீட்டுக் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தையைவிட நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் கூடுதலாகக் கேட்டிருக்கும் என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள்.

இந்த எண் புகழ் பெற்ற அளவுக்கு அதன் அடிப்படை கவனிக்கப்படவில்லை. 42 குடும்பங்களில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை 6 மட்டுமே. அந்த ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். படித்த ஓர் ஆய்வாளர் குறிப்பேட்டோடு வந்து கூடத்தில் அமர்ந்திருக்கும்போது ஓர் ஏழைத் தாய் தன் பிள்ளையோடு இயல்பாகப் பேசுவாளா என்பது முதல் கேள்வி. குழந்தையை நோக்கி நேராகப் பேசப்பட்ட சொற்களையே முதன்மையாக எண்ணினார்கள் என்பது அடுத்த சிக்கல். பாட்டியும் சித்தியும் பக்கத்து வீட்டாரும் கூடியிருக்கும் வாசலில் குழந்தை கேட்கும் பேச்சு அதில் உரிய இடம் பெறவில்லை.

டக்ளஸ் ஸ்பெர்ரியும் சகஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதே எண்ணிக்கையில், 42 குழந்தைகளை, ஐந்து வெவ்வேறு சமூகங்களில் பின்தொடர்ந்தது. ஒரே வருமான நிலையில் உள்ள சமூகங்களுக்கிடையிலேயே பெரும் வேறுபாடு இருந்தது. உடனிருந்த மற்றவர்களின் பேச்சையும் சேர்த்தபோது சில ஏழைச் சமூகக் குழந்தைகள் கேட்ட சொற்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. குழந்தையை நோக்கிய பேச்சுக்குத் தனிப் பயன் உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் தொடர்கிறது. ஆனால் 'ஏழை வீடு என்றாலே பேச்சற்ற வீடு' என்னும் முடிவை அந்தப் பழைய எண்ணின் மேல் கட்ட முடியாது.

தமிழகத்துச் சேரிகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் பழமொழியும் பேய்க்கதையும் உழைக்கும் மக்களின் வாயில் வாழ்ந்தவை. தாலாட்டு குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. மாமன், அத்தை என உறவுகளின் பெயரை அடுக்குகிறது. ஒரே வாக்கிய அமைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுகிறது. இலக்கண நூல் அறியாத ஒரு பாட்டி, வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தொட்டிலருகே நின்று குழந்தைக்குக் காட்டிவிடுகிறாள். விடுகதையோ ஒன்றை இன்னொன்றாகப் பார்க்கும் திறனை வளர்க்கிறது. 'வீட்டில் ஒன்றுமில்லை' என்று சொல்பவர் இவற்றை மொழியாகவே எண்ணவில்லை என்பதுதான் உண்மை.

மௌனம் எங்கே தொடங்குகிறது

1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆய்வுசெய்த மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஓர் எளிய உண்மையைக் காட்டினார். 8 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பேட்டியில் ஒற்றைச் சொற்களில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மொழிக் குறைபாடுள்ள பிள்ளை என்றே பதிவாகியிருப்பான். மறுமுறை பேட்டியாளர் தரையில் அமர்ந்தார். உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்தார். சிறுவனின் நண்பனையும் அழைத்துக்கொண்டார். சிறுவன் இடைவிடாமல் பேசினான். அவன் மொழி மாறவில்லை. கேட்பவரின் இருக்கை மாறியிருந்தது.

இதே சிக்கல் நீதிமன்றத்துக்கும் சென்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில், வெள்ளையர் பெரும்பான்மையாகப் படித்த மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப் பள்ளியில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் சிலர் 'கற்கும் திறன் குறைந்தவர்கள்' என வகைப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் லபோவும் சாட்சியம் அளித்தார். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். குழந்தைகளின் வீட்டு மொழி தானாகத் தடையாக இருக்கவில்லை. அந்த மொழியைப் பற்றி ஆசிரியர்கள் கொண்டிருந்த மனப்பான்மை தடையாகலாம் என்பதை அவர் ஏற்றார். வீட்டு மொழியை அடையாளம் கண்டு, அந்த அறிவைக் கொண்டு எழுத்து மொழியைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தை 30 நாளில் தாக்கல் செய்யுமாறு பள்ளி வாரியத்துக்கு உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பொறுப்பைக் குழந்தையின் வீட்டிலிருந்து எடுத்து நிறுவனத்தின்மேல் வைத்த அதன் தர்க்கம் நமக்குத் தேவை.

தமிழைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாடநூல் தமிழ் எவருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. எல்லாக் குழந்தைகளும் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் புதிதாக நடந்தே வர வேண்டும். வட மாவட்டங்களில் 'பழம்' என்பது பலர் வாயில் 'பயம்' ஆகிறது. தெற்கே 'பளம்' ஆகிறது. இது பல சாதியினருக்கும் பொதுவான வட்டார வழக்கு. ஆனால் ஆதிக்கச் சாதிப் பிள்ளை சொன்னால் 'ஊர்ப் பேச்சு', தலித் பிள்ளை சொன்னால் 'சேரிப் பேச்சு' என்று எடை மாறுகிறது. திருத்துவது ஆசிரியரின் வேலை. சிரிப்பது வேலை அல்ல. வகுப்பே சிரித்த பிறகு அந்தப் பிள்ளை எடுக்கும் முடிவு அறிவார்ந்தது: வாயை மூடிக்கொள்கிறது. வாய் மூடிய பிள்ளைக்குப் பதில் கிடைப்பதில்லை. பதிலில்லாத இடத்தில் மொழி வளர்வதில்லை.

கொங்குப் பகுதியின் அருந்ததியர் குழந்தைகளுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. பல குடும்பங்களில் வீட்டு மொழி தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். வீட்டில் பேசும் தெலுங்கு பாடநூல் தெலுங்கும் அன்று. எனவே தெலுங்கு வழிப் பள்ளி இதற்கு எளிய தீர்வாகாது. இக்குழந்தை தெருவிலும் அங்கன்வாடியிலும் தமிழைக் கேட்டு இரண்டு மொழிகளில் வளர்கிறது. இரு மொழிகளைக் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் அன்று. உலகெங்கும் இருமொழிக் குழந்தைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். ஆனால் வீட்டு மொழி சாதியைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து, பெற்றோர் தாமே சரளமாகப் பேசாத மொழியில் மட்டும் பிள்ளையோடு பேசத் தொடங்கினால், பேச்சு சுருங்கும். தனக்கு முழுமையாக வரும் மொழியில் பேசும் தாயே குழந்தைக்குக் கதையும் காரணமும் கேள்வியும் தாராளமாகத் தர முடியும்.

நேரம் யாருடையது

இனி வீட்டில் பேச்சு குறையும் இடங்களுக்கு வருவோம். அங்கே குறைந்திருப்பது அன்பா? நேரமா? தூய்மைப் பணிக்குச் செல்லும் தாய் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பம் இரவிலேயே கல் அறுக்கத் தொடங்குகிறது. பிள்ளை சூளை ஓரத்தில் தூங்கி எழுகிறது. தேயிலைத் தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்துத் திரும்பும் உடம்பில் கதை சொல்லும் தெம்பு மிச்சமிருப்பதில்லை. சாதி தொழிலை நிர்ணயித்தது. தொழில் நேரத்தை எடுத்துக்கொண்டது. அந்த நேரக் குறைவை வீட்டின் பண்பாட்டுக் குறைவாக எழுதி வைக்கிறார்கள்.

சட்டம் இதை ஓரளவு அறிந்தே இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம், 1948, 30க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951, தோட்டங்களுக்கும் அப்படியே விதித்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கவும் உரிமை தந்தது. ஆனால் வயல் கூலிக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இவை எட்டவில்லை. ஒப்பந்தக்காரர் ஏட்டில் ஆள் எண்ணிக்கையைப் பிரித்துக் காட்டும் இடங்களில் எட்ட வேண்டியவர்களுக்கும் எட்டுவதில்லை.

அரசின் கடமை

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு உறுப்பு 21ஏ வழியாகக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 6 வயதுக்குட்பட்டோரை உறுப்பு 45இல், அதாவது நீதிமன்றத்தில் நேரடியாகச் செயற்படுத்தக் கோர முடியாத வழிகாட்டு நெறிகளில் வைத்தது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 11ம் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே சொல்கிறது. மொழி வேர்விடும் வயதுக்கு உரிமையின் காவல் இல்லை. முன்பருவக் கல்வியை அடிப்படை உரிமையாக்கு என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் முன்னுக்கு வர வேண்டிய ஒன்று.

ஆயினும் இன்றே கையில் இருக்கும் கருவிகள் சில உண்டு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதும் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடி மையங்களைத் திறக்கச் சொன்னது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும் என்றது. 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைய வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. மையம் ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? காலனிப் பிள்ளை அங்கே போக முடிகிறதா? மதுரை மாவட்டத்தில் 2019இல் அங்கன்வாடியில் நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்கள், ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் இடமாற்றம் செய்யப்பட்ட செய்தியை நாம் மறக்கவில்லை. குழந்தைக்குக் கதை சொல்லும் வாய் யாருடையதாக இருக்கலாம் என்பதையும் சாதியே தீர்மானிக்கப் பார்க்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 29, இயன்றவரை தாய்மொழியிலேயே பயிற்றுமொழி அமைய வேண்டும் என்றும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பேச்சைக் கேலி செய்து பிள்ளையைக் கூசவைப்பது இதன்கீழ் கேள்விக்குரியது. சாதிப் பெயர் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஸ்) இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயல வேண்டும் என்று உறுப்பு 350ஏ அரசுக்குப் பணிக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோரிடம் செல்லும்போது அறிவுரையோடு செல்ல வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பெயர் சொல்லிக் காட்டுவோம். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தண்ணீர் பிடிக்கும்போது பேசும் பேச்சே போதுமான பாடம். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒரு சொல்லைக் கூட்டுவது, 'ஏன்', 'அப்புறம்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, தவறாகச் சொன்னால் சிரிக்காமல் சரியான சொல்லைத் தன் பதிலில் சேர்த்துச் சொல்வது ஆகியவை எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தந்தைக்கும் முடியும். இது தாயின் வேலை மட்டும் அன்று. தந்தை பேசாத வீட்டில் குழந்தை பாதிப் பேச்சையே கேட்கிறது. படம் போட்ட நூல் ஒன்றைப் படிக்கத் தெரியாமலே புரட்டிப் பேசலாம். அந்த நூல் காலனிக்கு வந்துசேர வைப்பது நம் வேலை.

மாலை நேர வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்கள் 6 வயதுக்குட்பட்டோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டிகளை அழைத்துக் கதை சொல்ல வைக்கலாம். சொன்ன கதையைச் சொன்ன மொழியிலேயே எழுதி, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். தன் பாட்டியின் பேச்சு தாளில் எழுத்தாவதைப் பார்க்கும் குழந்தைக்கு எழுத்து அந்நியமாக இருக்காது.

உங்கள் பகுதியில் மையம் இல்லாத காலனியில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். பெற்றோரின் கையொப்பத்தோடு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு கொடுத்து, 2006 உத்தரவைச் சுட்டி, ஒப்புகை பெறுங்கள். மையம் இருந்தும் பூட்டிக் கிடந்தால், பணியிடம் காலியா, எவ்வளவு நாளாகக் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களுக்குரியது. நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்று பிரிவு 21 சொல்கிறது. அந்த இடத்தில் காலனித் தாய் ஒருவர் அமர்ந்து, 'என் பிள்ளை வீட்டில் நன்றாகப் பேசுகிறது; இங்கே ஏன் பேசவில்லை?' என்று கேட்கட்டும். கூட்டக் குறிப்பேட்டில் அந்தக் கேள்வி அப்படியே பதிவாகட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.